ஸ்வியாஷ்ஸ்க்: மேடு, கோட்டை, தீவு

கேள்வி இது: "ரஷ்யாவில் வோல்கா நதிக்கரையில் ஸ்வியாஷ்ஸ்க் என்று ஒரு சின்னத் தீவு ஊர் இருக்கிறதாம். ஒரு முழுக் கோட்டையை மரக்கட்டைகளாகப் பிரித்து, ஆற்றில் மிதக்கவிட்டுக் கொண்டுவந்து, நாலே வாரத்தில் அங்கே நிறுத்தினார்களாம். இது உண்மையா? அப்படிப்பட்ட ஊர் ஏன் இன்று 250 பேர் மட்டும் வாழும் கிராமமாகிவிட்டது? அந்தக் காலத்து மரம் ஏதாவது மிச்சம் இருக்கிறதா?"

கோட்டைக் கதை பெரும்பகுதி உண்மை. மிதந்து வந்த மரம் கோட்டையின் பாதிக்குத்தான் போதுமானதாக இருந்தது என்பதை மட்டும் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். ஆனால் "தீவு ஊர்" என்பதில் ஒரு திருத்தம் தேவை. கோட்டை கட்டிய 1551-இல் அது தீவு இல்லை. அதற்குப் பிறகு 400 ஆண்டுகள் அது ஆற்றோரத்து மேடாகத்தான் இருந்தது. 1950-களில் ஒரு பெரிய அணை கட்டிய பிறகே தீவானது. இந்த ஊருக்கு நடந்த நல்லது கெட்டது இரண்டிலும் தண்ணீரின் மட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதனால் ஆற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

தத்தார்ஸ்தான் குடியரசின் தலைநகரம் கசான். அதற்கு மேற்கே, நேர்கோட்டில் சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் ஸ்வியாஷ்ஸ்க் இருக்கிறது. இந்தப் பகுதியில் வோல்கா மேற்கிலிருந்து கிழக்காக ஓடிவந்து, கசானை ஒட்டித் தெற்கே திரும்புகிறது. அந்தத் திருப்பத்துக்குக் கொஞ்சம் முன்னால், தெற்கிலிருந்து வரும் ஸ்வியாகா என்ற ஆறு வலது கரையில் வோல்காவோடு சேர்கிறது. ஷூக்கா என்ற சிற்றாறும் அங்கேயே வந்து கலக்கிறது. இந்தக் கூடுதுறையில் தனியாக நிற்கும் மேடுதான் நம் ஊர். ரஷ்யர்கள் அதை 'வட்ட மலை' என்று அழைத்தார்கள். மலை என்பது பெரிய வார்த்தை. சரிவு செங்குத்தாகவும் உச்சி தட்டையாகவும் இருக்கும் ஒரு குன்று, அவ்வளவுதான். பரப்பு இன்றைய அளவில் சுமார் 62 ஹெக்டேர். நிதானமாக நடந்தாலே ஒரு மணி நேரத்துக்குள் சுற்றி வந்துவிடலாம்.

ஊர்ப் பெயரும் ஆற்றிலிருந்து வந்ததுதான். ஓம் ஆற்றங்கரையில் ஓம்ஸ்க், தோம் ஆற்றங்கரையில் தோம்ஸ்க் என்பதுபோல ஸ்வியாகா ஆற்றங்கரையில் ஸ்வியாஷ்ஸ்க்.

ஸ்வியாகாவைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வராது. அந்த ஆறு சுமார் 375 கிலோமீட்டர் நீளம் ஓடுகிறது, வோல்காவுக்குக் கிட்டத்தட்ட இணையாக, ஆனால் எதிர்த் திசையில். வோல்கா தெற்கே போகிறது, ஸ்வியாகா வடக்கே வருகிறது. உல்யானவ்ஸ்க் நகரத்தில் இரண்டுக்கும் இடைவெளி சில கிலோமீட்டர்தான். ஒரே ஊரின் இரு பக்கமும் இரண்டு ஆறுகள் எதிரும் புதிருமாக ஓடுகின்றன. அவ்வளவு பக்கத்தில் இருந்தும் அங்கே கலக்காமல், வடக்கே வெகுதூரம் போய் ஸ்வியாஷ்ஸ்க்கில்தான் வோல்காவோடு சேர்கிறது. ஒரு நொடி யோசித்தால் இன்னொன்றும் புரியும். ஸ்வியாகா வடக்கே இறங்கி வோல்காவில் சேர, அந்தத் தண்ணீர் வோல்காவோடு மறுபடி தெற்கே இறங்கி உல்யானவ்ஸ்க்குக்கு வருகிறது. அப்படியானால் அந்த நகரத்தில் ஸ்வியாகாவின் மட்டம் வோல்காவைவிட நன்றாக உயரத்தில்தான் இருந்தாக வேண்டும். இருக்கிறது.

வோல்காவின் இரண்டு கரைகளும் ஒன்றுபோல இல்லை. வலது கரை உயர்ந்தது, இடது கரை தாழ்ந்து பரந்தது. அதனால் வலது கரைப் பகுதிக்கு 'மலைப் பக்கம்' என்றே பெயர். கசான் இடது கரையில் இருக்கிறது. மலைப் பக்கத்தில் சுவாஷ், மாரி, தத்தார் மக்கள் வாழ்ந்தார்கள், கசான் கானுக்கு வரி கட்டினார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சற்று நேரத்தில் தேவைப்படும்.

அடுத்தது வெள்ளம். ரஷ்யச் சமவெளி ஆறுகளில் பெரிய வெள்ளம் மழையால் வருவதில்லை, பனி உருகி வருகிறது. குளிர்காலம் முழுவதும் உறைந்து கிடக்கும் வோல்கா ஏப்ரலில் உடைந்து நகரத் தொடங்கும். அதன்பின் சில வாரங்கள் தண்ணீர் ஏறிக்கொண்டே போகும். அணைகள் இல்லாத காலத்தில் அந்தச் சில வாரங்களுக்கு வட்ட மலையைச் சுற்றியிருந்த தாழ்ந்த புல்வெளிகள் எல்லாம் மூழ்கி, மேடு மட்டும் தனியாக நிற்கும். கோடையில் தண்ணீர் வடிந்ததும் கரையோடு ஒட்டிக்கொள்ளும். வருடத்தில் கொஞ்ச காலம் மட்டும் தீவு. பிற்காலத்தில் அணை செய்தது இந்தக் கொஞ்ச காலத்தை நிரந்தரமாக்கியதுதான்.

இனி வரலாறு. 15-ஆம் நூற்றாண்டில் உருவான, கான்கள் ஆண்ட கசான் அரசும் மாஸ்கோவும் பல பத்தாண்டுகள் ஒன்றையொன்று தாக்கிக்கொண்டும், இடையிடையே சமாதானம் பேசிக்கொண்டும் இருந்தன. நான்காம் இவான், அதாவது பின்னாளில் 'கொடிய இவான்' என்று அறியப்பட்டவர், 1547-இல் ஜார் ஆனார். உடனே கசான் மீது படையெடுத்தார். 1547-48 குளிர்காலப் படையெடுப்பில் எதிர்பாராமல் வெயில் ஏறி, வோல்காவின் பனிக்கட்டிமேல் தண்ணீர் நின்றது. பீரங்கிகள் பனியை உடைத்துக்கொண்டு மூழ்கின. பாதி வழியிலேயே ஜார் திரும்பிவிட்டார். 1550 பிப்ரவரியில் கசான் மதில்வரை போய்ச் சில நாள் முற்றுகையிட்டும் பயனில்லை. மறுபடியும் பனி இளகியது, மழை பெய்தது, பின்வாங்க வேண்டியதாயிற்று.

படை பலத்தைவிடத் தூரம்தான் இவானுக்குப் பெரிய தடையாக இருந்தது. மாஸ்கோவின் கையில் இருந்த கடைசிக் கோட்டையான வாசில்சுர்ஸ்க், கசானிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தள்ளி இருந்தது. உணவு, வெடிமருந்து, மாற்றுப் படை எல்லாம் அவ்வளவு தூரம் வந்து சேர வேண்டும். குளிர்காலத்தில் வந்தால் பனி இளகும், வசந்தத்தில் வந்தால் சேறு, கோடையில் வந்தால் திரும்புவதற்குள் குளிர். பக்கத்திலேயே ஒரு தளம் இல்லாமல் கசானைப் பிடிக்க முடியாது. 1550-இல் தோற்றுத் திரும்பும் வழியில்தான் ஸ்வியாகா கூடுதுறையில் தங்கி அந்த வட்ட மலையைப் பார்த்தார்கள். கசானிலிருந்து ஒரு நாள் பயணத் தூரம். ஆனால் எதிரியின் கண்ணுக்கு எதிரே, அவர்கள் நாட்டுக்குள்ளேயே, சாவகாசமாக உட்கார்ந்து எப்படிக் கோட்டை கட்டுவது?

பதில், அங்கே கட்டாமல் வேறெங்காவது கட்டிக் கொண்டுவருவது. 1550-51 குளிர்காலத்தில் இவான் விரோத்கோவ் என்ற அரசு எழுத்தரை மேல் வோல்காவில் இருந்த உக்லிச் பகுதிக் காடுகளுக்கு அனுப்பினார்கள். எழுத்தர் என்றால் கணக்கு எழுதுபவர் என்று நினைக்க வேண்டாம். அந்தப் பதவி நிர்வாகம், தளவாடம், பொறியியல் எல்லாவற்றையும் தொட்டது. அடுத்த ஆண்டு கசான் முற்றுகையில் மதிலைவிட உயரமான மரக் கோபுரம் ஒன்றை எழுப்பி, அதன் மேலிருந்து சுட வைத்தவரும் இதே விரோத்கோவ்தான். உக்லிச் காட்டில் அவருடைய ஆட்கள் மரம் வெட்டி, சுவர், கோபுரம், தேவாலயம் என ஒரு கோட்டையின் உறுப்புகளைச் செய்தார்கள். பிறகு அதைப் பிரித்து, வசந்த வெள்ளம் வந்ததும் தெப்பங்களிலும் படகுகளிலும் ஏற்றிக் கீழே விட்டார்கள். ஆற்றுவழியில் ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர்.

இது நம்ப முடியாத வித்தையாகத் தோன்றுவது நாம் கல்லிலும் செங்கல்லிலும் யோசிப்பதால்தான். ரஷ்ய மரவீடு கட்டப்படும் முறையைப் பார்த்தால் இது இயல்பான அடுத்த படி. முழுக் கட்டைகளைக் கிடையாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, மூலைகளில் காடி வெட்டி ஒன்றையொன்று கவ்வ வைப்பார்கள். ஆணிக்கு அநேகமாக வேலை இல்லை. அதனால் எந்தக் கட்டை எந்த வரிசை, எந்தப் பக்கம் என்று கோடரியால் அடையாளம் போட்டுவிட்டால் பிரிக்கலாம், வேறிடத்தில் அதே வரிசையில் பூட்டலாம். அடிக்கடி தீப்பிடித்த அந்தக் கால மாஸ்கோவில் இப்படி ஆயத்தமாகச் செய்த வீடுகள் சந்தையிலேயே விற்பனைக்கு இருந்தன. வாங்கியவர் ஏற்றிக்கொண்டு போய்ச் சில நாளில் நிறுத்திவிடுவார். கோட்டைச் சுவரும் இதே தொழில்தான். கட்டைகளால் பெட்டி பெட்டியாகச் செய்து, வரிசையாக நிறுத்தி, உள்ளே மண்ணும் கல்லும் நிரப்புவார்கள். மண் அங்கேயே கிடைக்கும், மரம் மட்டும் வந்தால் போதும். தச்சர்கள் அன்றாடம் செய்துகொண்டிருந்த வேலையை ஒரு கோட்டை அளவுக்குப் பெரிதாக்கியதுதான் விரோத்கோவ் செய்தது. எனக்கு இதில் அதிசயமாகப் படுவது தச்சு இல்லை, திட்டமிடல். வெள்ளம் இறங்குவதற்குள் தெப்பங்கள் மணல் திட்டுகளைத் தாண்டிவிட வேண்டும். அவை வந்து சேரும் நேரத்தில் மேட்டைச் சுற்றித் தண்ணீர் இன்னும் நிற்க வேண்டும்.

நேரம் சரியாகவே அமைந்தது. 1551 மே மாதத்தில் இளவரசர் பியோதர் செரெப்ரியானி ஒரு முன்படையோடு கசானின் புறநகரைத் தாக்கிக் கவனத்தை அங்கே திருப்பிவிட்டு, கூடுதுறைக்குத் திரும்பினார். மே 24 அன்று மேட்டில் காட்டை வெட்டும் வேலை தொடங்கியது. சுமார் நாலு வாரத்தில் கோட்டை நின்றது. காட்டை வெட்டிச் சாய்த்த பிறகுதான் மேடு நினைத்ததைவிடப் பெரியது என்று தெரிந்தது. கொண்டுவந்த மரம் பாதி மேட்டுக்குத்தான் காணும் என்று நாளாகமம், அதாவது அந்தக் கால ரஷ்ய வரலாற்றுப் பதிவேடு, தெளிவாகவே சொல்கிறது. மீதிப் பாதியைப் படைத்தலைவர்கள் தங்கள் ஆட்களை வைத்து அங்கேயே மரம் வெட்டிக் கட்டினார்கள். சுற்றுமதில் ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீட்டர். முதலில் வைத்த பெயர் ஜாரின் பெயரால் இவான்கரத். அது நிலைக்கவில்லை, ஆற்றின் பெயரே நின்றது.

கோட்டையைப் பார்த்ததும் நடந்ததுதான் முக்கியம். மலைப் பக்கத்து மக்களின் பிரதிநிதிகள் கோடையிலேயே ஜாருக்கு விசுவாசப் பிரமாணம் செய்தார்கள். கசானுக்கு வோல்காவின் வலது கரை முழுவதும் கைநழுவியது. ஆற்றில் யார் வருகிறார்கள், போகிறார்கள் என்பதும் இப்போது ஸ்வியாஷ்ஸ்க் கையில். அடுத்து கசானுக்குள்ளேயே பிளவு. மாஸ்கோவின் ஆதரவு பெற்ற ஷா அலியைக் கானாக ஏற்றார்கள். அதுவரை குழந்தைக் கானாக இருந்த உத்தமேஷும், அவனுக்காக ஆட்சி செய்த தாய் சுயூம்பிகேயும் 1551 ஆகஸ்டில் ரஷ்யர்களிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். படகில் ஏற்றப்பட்டு ஸ்வியாஷ்ஸ்க் வழியாக மாஸ்கோவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். தாயும் மகனும் பிறகு பிரிக்கப்பட்டார்கள், கசானுக்குத் திரும்பவே இல்லை. தத்தார் மக்களின் நினைவில் சுயூம்பிகே இன்றும் உயிரோடு இருக்கும் பெயர். கசானின் சாய்ந்த கோபுரம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஸ்வியாஷ்ஸ்க்கின் கதையைப் பொறியியல் சாதனையாக மட்டும் சொல்லும்போது இந்தப் பக்கம் விடுபட்டுப் போகிறது. ஒரு நாட்டை அழிக்கக் கட்டிய கோட்டை அது. அதை அப்படியே சொல்வதுதான் நேர்மை.

1552 வசந்தத்தில் ஷா அலி கசானை விட்டு வெளியேறினார், மாஸ்கோவின் ஆளுநர்களை உள்ளே விட நகரம் மறுத்தது, யாதிகார் என்பவரைக் கானாக அழைத்தது. அதே சமயம் ஸ்வியாஷ்ஸ்க்கில் இருந்த படைவீரர்களை ஸ்கர்வி நோய் வாட்டியது. பச்சைக் காய்கனி இல்லாத நீண்ட குளிர்காலத்தின் விளைவு. மாஸ்கோ பேராயர் மக்காரி அதை வீரர்களின் ஒழுக்கக்கேட்டுக்குக் கிடைத்த தண்டனையாகப் பார்த்துக் கண்டித்துக் கடிதம் அனுப்பினார். ஆகஸ்டில் இவான் பெரும்படையோடு வந்து ஸ்வியாஷ்ஸ்க்கில் தங்கி, வோல்காவைக் கடந்து கசானை முற்றுகையிட்டார். இந்த முறை உணவும் வெடிமருந்தும் ஒரு நாள் தூரத்தில் தயாராக இருந்தன. அக்டோபர் 2 அன்று கசான் வீழ்ந்தது.

போர் முடிந்ததும் ஸ்வியாஷ்ஸ்க்கின் ராணுவத் தேவை குறையத் தொடங்கியது. ஆனால் சமயமும் நிர்வாகமும் அதைப் பிடித்துக்கொண்டன. 1555-இல் அங்கே மரியாளின் விண்ணேற்பு மடம் நிறுவப்பட்டது. அதன் முதல் தலைவர் கெர்மன் பின்னாளில் கசான் பேராயரானார். மடத்தின் பேராலயம் 1560-இல் கல்லில் கட்டி முடிக்கப்பட்டது. கட்டியவர்கள் வடமேற்கே உள்ள ப்ஸ்கோவ் நகரத்துக் கொத்தர்கள். அதனால்தான் வோல்காவின் நடுவே ப்ஸ்கோவ் பாணிச் சுவர்களைப் பார்க்கிறோம். மேலே இருக்கும் அலங்காரமான கும்மட்டம் 18-ஆம் நூற்றாண்டில் சேர்த்தது, பழைய உடம்பில் புதுத் தொப்பிபோல.

உள்ளே சுவர் முழுவதும் ஓவியம், ஆயிரம் சதுர மீட்டருக்கும் மேல். ரஷ்யாவில் அந்தக் காலத்துச் சுவரோவியம் இவ்வளவு முழுமையாகத் தப்பியிருக்கும் இடங்கள் மிகக் குறைவு. இவானும் பேராயர் மக்காரியும் ஓர் ஓவியத்தில் இருப்பதாகக் கருதப்படுகிறது. ஆனால் போகிறவர்கள் எல்லோரும் தேடுவது புனித கிறிஸ்தோபரை. கிழக்கத்திய மரபில் அவரை நாய்த் தலையோடு வரைவார்கள், இங்கே குதிரைத் தலை போன்ற தலை. மிகுந்த அழகனாக இருந்த அவர், தன் அழகு பிறரைச் சபலப்படுத்துகிறது என்று வருந்தி, அதை எடுத்துவிடும்படி கடவுளை வேண்டினார் என்று கதை. 1722-இல் ரஷ்யத் திருச்சபையின் தலைமை மன்றம் விலங்குத் தலையோடு அவரை வரைவதற்குத் தடை விதித்தது. பல இடங்களில் அழித்து மனிதத் தலையாக மாற்றினார்கள். ஸ்வியாஷ்ஸ்க் ஓவியம் தப்பியது.

அப்புறம் ஏன் தேய்ந்தது என்ற கேள்வி. ஒரே அடியில் விழவில்லை. ரஷ்யாவின் எல்லை கிழக்கே யூரலையும் தாண்டிப் போய்விட்டதால் எல்லைக் கோட்டைக்கு வேலை இல்லாமல் போனது. 30 கிலோமீட்டரில் கசான் என்ற பெருநகரம் இருக்கும்போது வணிகம் அங்கேதான் போகும். 1764-இல் இரண்டாம் கேத்தரின் மடங்களின் நிலங்களை அரசுடைமையாக்கியபோது, செழிப்பாக இருந்த விண்ணேற்பு மடம் தன் வருமானத்தை இழந்தது. ஊரின் பொருளாதாரத்தில் பெரும்பகுதி மடத்தைச் சுற்றித்தான் இருந்தது. 1781-இல் மாவட்டத் தலைநகர் என்ற தகுதி கிடைத்தது. அது அலுவலகங்களையும் சில வணிகர்களின் கல்வீடுகளையும் கொடுத்தது. 1890-களில் மாஸ்கோவிலிருந்து கசானுக்கு ரயில் வந்தது, ஆனால் மேட்டின் மேல் ரயில் ஏறாது. பாதை சில கிலோமீட்டர் தள்ளிப் போனது, 'ஸ்வியாஷ்ஸ்க்' என்ற பெயர்ப் பலகை மட்டும் அந்த நிலையத்துக்குக் கிடைத்தது. 1913-இல் அங்கேயே வோல்காவின் குறுக்கே ரயில் பாலமும் திறக்கப்பட்டது. ஆற்றுத் துறையை நம்பி வாழ்ந்த ஊருக்கு இது மெதுவான சாவு.

ஆனால் அந்த ரயில் நிலையமும் பாலமும்தான் 1918-இல் ஊரை மறுபடி உலகச் செய்தியாக்கின. உள்நாட்டுப் போரில், ஆகஸ்ட் தொடக்கத்தில் போல்ஷ்விக் எதிர்ப்புப் படைகளும் செக்கோஸ்லோவாக் படையணியும் கசானைப் பிடித்தன. அங்கிருந்து மாஸ்கோவுக்கு ரயில் பாதை திறந்து கிடந்தது. போல்ஷ்விக் அரசின் போர்த்துறைத் தலைவர் ட்ராட்ஸ்கி தன் போர் ரயிலில் வந்து ஸ்வியாஷ்ஸ்க் நிலையத்தில் தங்கி, சிதறி ஓடிக்கொண்டிருந்த செம்படையைத் திரட்டினார். முறை கொடூரமானது. போர்முனையை விட்டு ஓடிய ஒரு பெத்ரோகிராத் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) படைப்பிரிவில் பத்தில் ஒருவர் என்ற கணக்கில் சுட்டுக் கொன்றார்கள். மறுபுறம், பால்டிக் கடலிலிருந்து சிறிய போர்க்கப்பல்களை ஆறுகளும் கால்வாய்களும் வழியாகவே வோல்காவுக்குக் கொண்டுவந்தார்கள். 367 ஆண்டு முன்னால் கோட்டை வந்த அதே ஆற்றுவழியின் கீழ்ப்பகுதியில் இப்போது பீரங்கிக் கப்பல்கள் வந்தன. செப்டம்பர் 10 அன்று கசான் மறுபடி செம்படை வசமானது. மடத்தில் வாழ்ந்துவந்த ஆயர் அம்ப்ரோசி அந்த ஆகஸ்டில் கொல்லப்பட்டார்.

இந்த இடத்தில் பலர் கேட்கும் ஒன்றையும் தெளிவுபடுத்திவிடுகிறேன். 1918-இல் போல்ஷ்விக்குகள் ஸ்வியாஷ்ஸ்க்கில், இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசுக்குச் சிலை வைத்தார்கள் என்று ஒரு கதை பரவலாக உலவுகிறது. அந்தக் கதைக்கு ஆதாரம், அந்தப் பகுதியில் இருந்ததாகச் சொன்ன ஒரு டென்மார்க் எழுத்தாளரின் நினைவுக் குறிப்பு. அதை உறுதி செய்யும் ஆவணமோ புகைப்படமோ கிடைத்ததில்லை. சுற்றுலாப் பயணிகளுக்குச் சுவையாக இருக்கிறது என்பதற்காக அதை வரலாறாகச் சொல்வது தவறு. உண்மையில் நடந்ததே போதுமான அளவு பயங்கரம்.

1932-இல் ஸ்வியாஷ்ஸ்க் நகரம் என்ற தகுதியையும் இழந்து கிராமமானது. தேவாலயங்களில் பல இடிக்கப்பட்டன. மடக் கட்டடங்களுக்கு வேறு வேலை வந்தது. மதில் உள்ள, ஒதுக்குப்புறமான இடம் எதற்குப் பயன்படும்? சிறைக்குத்தான். சிறுவர் சீர்திருத்த இல்லம், பிறகு அரசியல் கைதிகள், போர்க்காலத்தில் தொழிலாளர் முகாம் என்று மாறி மாறி வந்தது. 1953 முதல் 1994 வரை விண்ணேற்பு மடம் மனநல மருத்துவமனையாக இருந்தது. அரசியல் அடக்குமுறைக்குப் பலியானவர்களுக்கு ஊரில் இன்று நினைவுச்சின்னம் இருக்கிறது. ஓவியங்களைப் பார்க்கப் போகிறவர்கள் அதன் முன்னாலும் ஒரு நிமிடம் நிற்க வேண்டும் என்பது என் விருப்பம்.

இந்தக் கட்டத்தில்தான் தண்ணீர் வந்தது. வோல்காவில் வெகுதூரம் கீழே, ஷிகுலி குன்றுகள் அருகே பெரும் நீர்மின் அணை கட்டினார்கள். 1955 இலையுதிர்காலத்தில் ஆற்றை அடைத்தார்கள், 1957 வசந்தத்தில் குய்பிஷெவ் நீர்த்தேக்கம் நிரம்பியது. பரப்பு சுமார் 6,450 சதுர கிலோமீட்டர், ஐரோப்பாவிலேயே மிகப் பெரிய நீர்த்தேக்கம். அதன் வால் ஸ்வியாஷ்ஸ்க்கையும் தாண்டி மேலே போகிறது. வசந்தத்தில் மட்டும் வந்துபோன தண்ணீர் இப்போது வடியவே இல்லை. மேட்டின் அடிவாரத்தில் இருந்த குடியிருப்புகளும் சுற்றியிருந்த வயல், புல்வெளிகளும் மூழ்கின. மேலே இருந்த ஊர் தப்பியது, ஆனால் அதற்கு இனி மேய்ச்சலும் இல்லை, சாலையும் இல்லை.

தீவு வாழ்க்கை என்றதும் அமைதியான காட்சியைக் கற்பனை செய்கிறோம். அங்கே வாழ்ந்தவர்களுக்கு அது நாலு பருவம் நாலு சிக்கல். கோடையில் படகு. குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின்மேல் நடை அல்லது வண்டி. இடையில், நவம்பரில் பனி கெட்டிப்படும் வரையும், ஏப்ரலில் உடைந்து போகும் வரையும் இரண்டும் இல்லை. படகும் ஓடாது, பனியும் தாங்காது. நோயாளியைக் கரைக்குக் கொண்டுபோவதே ஆபத்து. இளைஞர்கள் வெளியேறினார்கள், முதியவர்கள் தங்கினார்கள். 19-ஆம் நூற்றாண்டில் ஆயிரக்கணக்கானவர்கள் வாழ்ந்த ஊர் சில நூறு பேராகச் சுருங்கியது இப்படித்தான். இன்னொரு பக்கம், யாரும் வராததால் யாரும் புதிதாகக் கட்டவும் இல்லை. பழைய தெருக்கள் அடுக்குமாடிகளிடமிருந்து தப்பின. இதை ஒரு நன்மையாகக் கொண்டாட எனக்கு மனம் ஒப்பவில்லை. அங்கே தனித்துவிடப்பட்டவர்கள் கொடுத்த விலை அது.

மடம் 1997-இல் திருச்சபைக்குத் திரும்பக் கிடைத்தது. 2008-இல் நீர்ப்பரப்பின் குறுக்கே மண் கொட்டி மேடாக்கி, கரையிலிருந்து ஊருக்குச் சாலை போட்டார்கள். ஆகவே இன்று கறாராகப் பார்த்தால் அது தீவும் இல்லை, பஸ் போகிறது. 2010 முதல் தத்தார்ஸ்தான் அரசு, தத்தார் முஸ்லிம்களுக்குப் புனிதமான போல்கர் என்ற தொன்மையான நகரத்தையும் ஸ்வியாஷ்ஸ்க்கையும் ஒரே திட்டத்தில் சேர்த்து மீட்டெடுக்கத் தொடங்கியது. மசூதித் தொன்மையும் தேவாலயத் தொன்மையும் சமமாகக் கவனிக்கப்பட வேண்டும் என்ற எண்ணம் அதில் தெரிகிறது. இந்த ஊரின் பிறப்பை நினைத்தால் அது சின்ன விஷயம் இல்லை. 2014-இல் போல்கரும், 2017-இல் ஸ்வியாஷ்ஸ்க்கின் விண்ணேற்பு பேராலயமும் மடமும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன.

சரி, கடைசிக் கேள்வி: அந்த மரம் மிச்சம் இருக்கிறதா? கோட்டைச் சுவர் இல்லை. மண்ணோடு ஒட்டிய மரச்சுவர் காலப்போக்கில் உளுத்துப்போகும், பிறகு அதற்குத் தேவையும் இல்லாமல் போனது. ஆனால் 1551-இல் கோட்டையோடு எழுப்பிய மூவொருமைத் தேவாலயம், மரத்தாலானது, இன்றும் நிற்கிறது. யோவான் ஸ்நானகர் மடத்து வளாகத்துக்குள் இருக்கிறது. அதைப் பிரித்துக் கொண்டுவந்து ஒரே நாளில் நிறுத்தினார்கள் என்று மரபாகச் சொல்வார்கள். கூர்ங்கூரை போய்விட்டது, மேற்பகுதி பலமுறை மாறியது, அடிச்சுவர்க் கட்டைகள் பழையவை. பக்கத்திலேயே 20-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் செங்கல்லில் கட்டிய பிரம்மாண்டமான பேராலயம் ஒன்று நிற்பதால் பலர் இந்தச் சின்னக் கட்டடத்தைக் கடந்து போய்விடுகிறார்கள். போனால் முதலில் இங்கேதான் போக வேண்டும்.

மண்ணுக்குள்ளும் இருக்கிறது. மரம் உளுக்கக் காற்று வேண்டும். நீர் ஊறிய, காற்றுப் புகாத சேற்றில் நூற்றாண்டுகள் கிடந்தாலும் கெடாது. ஸ்வியாஷ்ஸ்க்கில் மேட்டின் தாழ்வான ஓரத்தில் தொல்லியலாளர்கள் தோண்டியபோது அப்படியே கிடைத்தன பழைய வீடுகளின் அடிக்கட்டைகள், வேலிகள், மரம் பாவிய பாதைகள், தோல் செருப்புகள், மரப் பாத்திரங்கள். வெளியே எடுத்ததும் உலர்ந்து வெடித்துவிடும் என்பதால் அவற்றை வேதியியல் முறையில் பதப்படுத்தி, கண்டெடுத்த இடத்தின் மேலேயே ஒரு தொல்மர அருங்காட்சியகம் கட்டியிருக்கிறார்கள். கோட்டையின் காவலர்களும் கைவினைஞர்களும் குடியிருந்த வீடுகளின் மூலைகளை அங்கே பார்க்கலாம், ஒரு கட்டை இன்னொன்றைக் கவ்விய காடி வெட்டோடு.